கட்டுரை ஏட்டுக்கு இன்னொரு வாசகர்

வகுப்பறையில் வலைப்பூவைப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

எங்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியில் "ஆளுக்கொரு வலைப்பூ தொடங்குங்கள்" என்றார்கள். வலைப்பூ என்றால் சரியாக என்ன? பள்ளிக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா?
– பட்டதாரி ஆசிரியை, அறந்தாங்கி

தேதி போட்டு எழுதிக்கொண்டே போகிற ஓர் இணையப் பக்கம்தான் வலைப்பூ. கடைசியாக எழுதியது மேலே நிற்கும், பழையது கீழே இறங்கும். ஆனால் எதுவும் தொலைந்துபோகாது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி உண்டு. 'இலக்கணம்', 'எட்டாம் வகுப்பு' என்று குறிச்சொல் கொடுத்துவிட்டால், அந்தச் சொல்லைத் தட்டியதும் அதைச் சேர்ந்த பதிவுகள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பதிவுக்குக் கீழே வாசகர்கள் பின்னூட்டம் எழுதலாம்.

அமெரிக்காவில் ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர் 1994-லேயே தன்னைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது பக்கத்தை வடிவமைக்கும் நிரல்மொழி தெரிந்தவர்தான் இப்படி எழுத முடியும். 1999-ல் நிரல்மொழி தெரியாதவரும் எழுதும்படி பிளாக்கர் என்ற தளம் வந்ததும் அந்தத் தடை போனது. 2003-ல் அதைக் கூகுள் வாங்கியது, அதே ஆண்டு வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸும் வந்தது. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடு எழுத்துகள் தமிழில் புழக்கத்துக்கு வந்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். 2004-ல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. யார் எங்கே புதிதாக எழுதினாலும் அங்கே தெரிந்தது. எங்கள் புதுக்கோட்டையில் 2015-ல் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் பலர் ஆசிரியர்கள். அதனால் இது நம்மவர்களுக்குப் புதிய சங்கதி இல்லை.

வாட்ஸ்அப் குழு நல்லதுதான், அறிவிப்புக்கு. "நாளை மருத்துவ முகாம், பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பவும்" என்று சொல்ல அதைவிட வசதி இல்லை. ஆனால் போன ஆடியில் ஒரு மாணவி எழுதிய நல்ல கதையை இந்தத் தையில் அங்கே தேடிப் பாருங்கள். கிடைப்பது கஷ்டம். வலைப்பூவில் அது எழுதிய தேதியோடு அப்படியே இருக்கும்.

பாடக்குறிப்பும் வினாத்தாளும் ஏற்றுவதற்குத்தான் வலைப்பூ என்று நினைத்திருந்தேன். மாணவர்களை எழுதவைக்க வேண்டும் என்கிறீர்கள். அதில் என்ன கூடுதல் பயன்? மதிப்பெண் கூடுமா?
– தமிழாசிரியர், மன்னார்குடி

குறிப்பு ஏற்றுங்கள் ஐயா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குறிப்பும் மாதிரி வினாத்தாளும் கொடுக்க ஏற்கெனவே எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. என் அக்கறை வேறு இடத்தில்.

நம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுதும் கட்டுரையைப் படிக்கிறவர் ஒரே ஒருவர்தான். அந்த ஆசிரியரும் பிழை திருத்தவே படிக்கிறார். கட்டுரையில் இருப்பது எல்லாம் டீச்சருக்கு முன்பே தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவரிடமே தெரிந்ததைச் சொல்வதற்கு யாருக்கு மனசு வரும்? அதனால்தான் நாற்பது ஏடுகளிலும் ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. மாணவர்களுக்கு எழுத்து வரவில்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு ஒரு வாசகரை நாம் கொடுத்ததே இல்லை.

என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியதைச் சொல்கிறேன். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். "எங்கள் ஊர் கண்மாய் மிகவும் அழகானது. அதில் மீன்கள் உள்ளன. நீர்நிலைகளைப் பாதுகாப்பது நம் கடமை" என்று எழுதி, கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும் படம் ஒன்றையும் கொடுத்தான். வகுப்பு வலைப்பூவில் அப்படியே போட்டோம். சில நாளில் வெளியூரிலிருந்து ஒருவர் பின்னூட்டம் எழுதியிருந்தார். "தம்பி, படத்தில் இருப்பது குமிழித்தூம்பு. தூணுக்கு அடியில் கல்தொட்டி இருக்கிறதா? அதில் துளை எத்தனை? மேலே மட்டுமா, பக்கத்திலும் உண்டா?"

பையனிடம் பதில் இல்லை. எனக்கும் அந்தத் தூம்பைப் பற்றி எதுவும் தெரியாது. சித்திரை மாதம், கண்மாய் வறண்டு கிடந்தது. அவன் உள்ளே இறங்கிப் பார்த்தான். முன்பு அங்கே தண்ணீர் திறந்துவிட்ட குடும்பத்துத் தாத்தா ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டான். தொட்டியின் மேல்துளைக்கு நீரோடி என்று பெயர். அதை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் இறங்கிக் கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். கீழே பக்கவாட்டில் இருப்பது சேறோடி. தண்ணீர் பாயும் வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் அதன் வழியாக இழுபட்டு வெளியேறும். தூர் வாரும் வேலையில் ஒரு பங்கைத் தண்ணீரே செய்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கண்மாய்கள் பலவற்றில் இந்த அமைப்பு இன்றைக்கும் நிற்கிறது.

அப்புறம் அவன் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். "மேல் ஓட்டையில் என் கை முழங்கை வரை போகிறது. கீழ் ஓட்டையில் மண் அடைத்துவிட்டது. அதனால் இப்போது சேறு வெளியே போக வழி இல்லை என்று தாத்தா சொன்னார்." இந்த மாதிரி வாக்கியத்தை எந்தக் கோனார் உரையிலும் நான் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. 'நம் கடமை' என்ற வரியை அவனே அடித்துவிட்டான். அந்த இடத்தில் அது பொருந்தாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

பிழை திருத்துவதும் இப்படித்தான் மாறுகிறது. சிவப்பு மையில் நான் 'ற' போட்டுக் கொடுத்தால் ஏட்டை மூடி வைத்துவிடுவார்கள். முகம் தெரியாத ஒருவர் படிக்கப் போகிறார் என்றால், "டீச்சர், இது வல்லின றகரமா?" என்று அவர்களே வந்து கேட்கிறார்கள்.

மதிப்பெண் கூடும் என்று உறுதிமொழி கொடுக்க மாட்டேன். பத்தாம் வகுப்பில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு வினா வருகிறது அல்லவா, அதற்கு வலைப்பூவில் எழுதிப் பழகிய பிள்ளைகள் படத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். மற்றவர்கள் மனப்பாடம் செய்ததைப் பார்த்து எழுதுகிறார்கள். என் வகுப்பில் நான் கண்டது இது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சக மாணவர் பதிவுக்குப் பின்னூட்டம் எழுதவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். விட்டால் எல்லாரும் 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு விதி: பின்னூட்டத்தில் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும்.

மொழிப்பாடத்துக்குச் சரி. கணக்கில் எழுத என்ன இருக்கிறது?
– கணித ஆசிரியர், நாமக்கல்

உலகத்திலேயே பெரிய உதாரணம் உங்கள் பாடத்தில்தான் இருக்கிறது! கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் டிமத்தி கவர்ஸ், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர், 2009 ஜனவரியில் தன் வலைப்பூவில் ஒரு கேள்வி கேட்டார். பலர் சேர்ந்து, எல்லார் கண்ணெதிரிலும், ஒரு கடினமான கணக்கைத் தீர்க்க முடியுமா? அடர்த்தி ஹேல்ஸ்–ஜூவெட் தேற்றம் என்ற ஒன்றுக்கு எளிய வழியில் புதிய நிரூபணம் தேடுவது வேலை. நிபந்தனை என்னவென்றால், யாரும் தனியே போய் முழுதாக யோசித்து முடித்துவிட்டு வரக்கூடாது. தோன்றிய சின்ன யோசனையை, அரைகுறையாக இருந்தாலும், உடனே பின்னூட்டத்தில் எழுதிவிட வேண்டும். 37 நாளில் 27 பேர் சுமார் 800 பின்னூட்டங்கள் எழுதினார்கள். டெரன்ஸ் டாவோ போன்ற மேதையும் எழுதினார், பள்ளிக்கூட ஆசிரியரும் எழுதினார். நிரூபணம் கிடைத்தது. கட்டுரையை டி.எச்.ஜே. பாலிமத் என்று பொதுப் பெயரில் வெளியிட்டார்கள்.

விடையைவிட, அந்தப் பின்னூட்டங்களில் வழி தவறிப் போனதும் திரும்பி வந்ததும் அப்படியே பதிவாகியிருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் வகுப்பில் விடை மட்டுமே கண்ணில் படுகிறது. 6 பேர் 8 நாளில் முடிக்கும் வேலையை 12 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று திங்கட்கிழமை ஒரு பதிவு போடுங்கள். விடை வேண்டாம், எப்படி யோசித்தாய் என்று எழுதச் சொல்லுங்கள். "ஆள் இரண்டு மடங்கு, அதனால் நாளும் இரண்டு மடங்கு, 16" என்று ஒரு பிள்ளை எழுதும். "ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியாதா?" என்று இன்னொரு பிள்ளை கீழே கேட்கும். நேர்மாறல், எதிர்மாறல் பாடத்தை அங்கிருந்து நீங்கள் ஆரம்பிக்கலாம். சூத்திரங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று பயப்படாதீர்கள். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் போதும்.

எங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஆனால் தேர்வும் பயிற்சியும் போக நேரம் கிடைப்பதில்லை. பாதிப் பிள்ளைகள் வீட்டில் நல்ல போன் இல்லை. தமிழில் தட்டச்சும் தெரியாது. இதில் வலைப்பூவா?
– ஆசிரியை, செய்யாறு

எல்லாரும் கணினி முன்னால் உட்கார வேண்டியதில்லை. பிள்ளைகள் தாளில் எழுதட்டும், வகுப்பில் ஒருவருக்கொருவர் மாற்றிப் படிக்கட்டும், திருத்தட்டும். வாரத்துக்கு ஓரிருவருடைய எழுத்து மட்டும் வலைப்பூவில் ஏறினால் போதும். யார் எழுத்து ஏறுகிறது என்பதில் முறை வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக எழுதும் நான்கு பேருக்கே எப்போதும் இடம் கொடுத்தால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொடுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். 'அக்கா' என்று அடிக்கும்போது புள்ளி வைக்கத் தேவையில்லை, ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய பிள்ளைகளைவிட, தமிழ்99 பழகிய பிள்ளைகள் ஒற்று விடாமல் எழுதுவதைப் பார்க்கிறேன்.

போனில் பேசினால் எழுத்தாகும் வசதியும் தமிழுக்கு உண்டு. எங்கள் பிள்ளைகள் பேசும்போது "வந்துச்சு", "போயிட்டாக" என்றுதான் வரும். அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னால் அதுவே ஒரு இலக்கண வகுப்பு. சில இடங்களில் பேச்சை அப்படியே விடலாம் என்பதும் அங்கே புரியவரும்.

நீங்கள் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்து வைத்திருக்கும் பழைய வினாத்தாளை நேராக ஒட்டினால் பக்கத்தில் குறியும் கிறுக்கலுமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி வலைப்பூவில் அவள் பெயர், படம், ஊர் எல்லாம் போட்டுக் கவிதை வெளியிட்டார்கள். பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், தஞ்சாவூர்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து, முகம் தெரியும் படத்தையும் ஊர்ப் பெயரையும் எடுக்கச் சொல்லுங்கள். கவிதை இருக்கட்டும். பெயரின் முதல் எழுத்தோ அவள் விரும்பும் புனைபெயரோ போதும். கவிதையை அவள் கையால் எழுதிய ஏட்டுப் பக்கத்தின் படம் போடலாம், அதுவே அழகு.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கருதுகிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாகவே கூகுள் கணக்குத் தொடங்கவும் முடியாது. எனவே ஆசிரியர்களுக்கு நான் சொல்வது: கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், பதிவை ஏற்றுகிறவர் நீங்களாக இருங்கள். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். என்ன போடப் போகிறோம் என்பதைத் தமிழில், நாலு வரியில், புரியும்படி அந்தத் தாளில் எழுதுங்கள். பின்னூட்டம் எதுவானாலும் நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். கண்மாய் பற்றிக் கேட்ட பெரியவரின் பின்னூட்டமும் அப்படி நான் பார்த்த பிறகே மாணவனுக்குப் போனது. அதற்குப் பதிலும் வகுப்பின் பெயரில்தான் கொடுத்தோம்.

வெளியார் படிக்கவே வேண்டாம் என்றால் நாம் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படியும் பிளாக்கரில் வைக்கலாம். சின்ன வகுப்புகளுக்கு அதுதான் நல்லது. பெற்றோரும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் படித்தாலே அந்தப் பிள்ளைக்குப் புதிய வாசகர்கள்தான்.

பள்ளியில் இருக்கும் குறைகளை வலைப்பூவில் எழுதலாமா?
– பதினோராம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்

2012-ல் ஸ்காட்லாந்தில் 9 வயது மாணவி ஒருத்தி, அப்பாவின் உதவியோடு, பள்ளியில் கொடுக்கும் மதிய உணவைத் தினமும் படம் எடுத்து நெவர்செகண்ட்ஸ் என்ற வலைப்பூவில் எழுதினாள். பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய் சாப்பிட்டேன், உடம்புக்கு நல்லதா, முடி கிடந்ததா என்று அவளே ஒரு அளவுகோல் வைத்திருந்தாள். ஜூன் மாதம் அந்தப் பகுதி உள்ளாட்சி மன்றம் படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஊர் உலகமெல்லாம் கேள்வி எழுந்ததும் மறுநாளே தடையை விலக்கிக்கொண்டது. அதைத் தொடர்ந்து அவள் கைகாட்டிய தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை குவிந்து, ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. மலாவியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமையற்கூடம் கட்ட அந்தப் பணம் போனது.

அவள் யாரையும் திட்டவில்லை. தட்டில் இருந்ததைச் சொன்னாள். நன்றாக இருந்த நாளில் நன்றாக இருந்தது என்றும் எழுதினாள். நீயும் அப்படி எழுது கண்ணு. 'கழிப்பறை மோசம்' என்பதைவிட 'மூன்று குழாயில் ஒன்றில்தான் தண்ணீர் வருகிறது' என்பதற்கு வலு அதிகம். ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டாதே. முதலில் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுதிக் கொடு. குழாய் சரியானால் அதையும் எழுது.

ஆசிரியர்களுக்கு நிலைமை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. அரசின் நடவடிக்கையைப் பொதுவெளியில் விமர்சிக்க அதில் தடை உண்டு. வகுப்பு வலைப்பூவை உங்கள் மனக்குறைக்கு மேடையாக்க வேண்டாம், பிள்ளைகள் எழுதிய பக்கமும் சேர்ந்து முடங்கிவிடும்.

மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்?
– முதுகலை ஆசிரியர், கோவில்பட்டி

'மழைநீர் சேகரிப்பின் அவசியம்' என்று தலைப்புக் கொடுத்தால் அது எழுதிக் கொடுக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டுக் கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் அம்மாச்சி அரிசி புடைக்கும்போது முறத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று கேளுங்கள். போய்ப் பார்த்தவர்தான் அதை எழுத முடியும். முதல் வரைவைத் தாளில் வாங்கிக்கொள்வதும் உதவும். அதைவிட, பின்னூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்டால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டுமே. தான் பார்க்காததைப் பற்றி அடுத்தடுத்துக் கேள்வி வந்தால் பிள்ளைகளே சங்கடப்பட்டு, அடுத்த முறை தாங்களாக எழுதிவிடுகிறார்கள்.

வலைப்பூவில் வருமானம் வருமா?
– வாசகர், பழனி

வரும். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் மாணவர்கள் எழுதும் பக்கத்தில் விளம்பரம் வேண்டாம்.

பாடத்துக்கான படங்களைக் கூகுளில் எடுத்துப் போடலாமா?
– அறிவியல் ஆசிரியை, சிவகங்கை

தேடலில் வந்துவிட்டதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்புத் தளத்தில் பயன்படுத்த அனுமதி உள்ள படங்கள் ஏராளம், எடுத்தவர் பெயரை மறக்காமல் போடுங்கள். கவிதை, கதை போடும்போது, நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களை அச்சமின்றி எடுத்தாளலாம். படம் மட்டும் பிள்ளைகளே வரைந்தால் இன்னும் நல்லது. செம்பருத்திப் பூவை அறுத்து வைத்து அவர்கள் வரைந்த சூலகம், அச்சுப் படத்தைவிட அதிகம் சொல்லும்.

பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் மாணவர்களின் பதிவுகளை என்ன செய்வது? ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் வலைப்பூ என்ன ஆகும்?
– தலைமையாசிரியர், பட்டுக்கோட்டை

இதை ஆரம்பத்திலேயே யோசிக்கிறீர்கள், சந்தோஷம். ஒரு பிளாக்கர் வலைப்பூவில் 100 பேர் வரை எழுத்தாளர்களாகச் சேரலாம். நிர்வாகிகளாக இரண்டு ஆசிரியர்களையாவது வையுங்கள். ஒருவர் மாறுதலில் போனாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு முன், முழு வலைப்பூவையும் காப்புப் பிரதி எடுத்துப் பள்ளியில் ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள். இலவசமாக இணையப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியது, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-ல் மூடியது. இலவச இடத்துக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது.

வெளியேறும் மாணவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே, அவரவர் பதிவுகளை அச்செடுத்துத் தைத்துக் கையில் கொடுங்கள். "என்னுடையதை எடுத்துவிடுங்கள்" என்று பின்னாளில் யார் கேட்டாலும், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். இப்படிக் கேட்கலாம் என்பதையும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அந்த அச்சுப் பிரதியின் கடைசிப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.